துரிஞ்சிலுக்கு ஒரு வீடு

அன்புள்ள கயல்,

பாரதி பூங்காவில் வௌவால் பெட்டி வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வைக்கலாம். எந்த வௌவாலுக்கு என்பதுதான் கேள்வி.

நம் ஊரின் பெயர் வௌவால் நூல்களில் 200 வருஷமாக இருக்கிறது, தெரியுமா? 1816இல் இங்கே வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோவின் பெயரைத்தான், புதுச்சேரியில் கிடைத்த ஒரு பழந்தின்னி வௌவாலுக்கு 1820இல் சூட்டினார்கள். நாக்கைச் சொடுக்கி, எதிரொலி கேட்டு இருட்டில் வழி கண்டுபிடிக்கும் ஆசாமி அது. குகையும் பாழடைந்த கட்டடமும் அதன் இருப்பிடம். ஆலமரத்தில் கொத்துக்கொத்தாகத் தொங்குமே, அந்தப் பெரிய பழந்தின்னிக்கு மரமே வீடு. மயிலாடுதுறைப் பக்கம் பெரம்பூரில் அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இந்த இரண்டு வகையுமே உன் பெட்டியை எட்டிக்கூடப் பார்க்காது.

பெட்டி, துரிஞ்சில் என்கிற சின்ன வௌவாலுக்கு. கட்டைவிரல் அளவு உடம்பு. அந்துப்பூச்சி, வண்டு, கொசு என்று இரவெல்லாம் வேட்டை. பழைய வீடுகளின் உத்தரச் சந்திலும் ஓட்டு இடுக்கிலும் ஒண்டியிருந்தது. சிமெண்டு பூசி அடைத்துவிட்டோம். எங்கே போகும், பாவம்? பூச்சிமருந்து அடிக்காமல் செடிகளைக் காக்க விரும்பும் பூங்கா அதற்கு இடம் கொடுப்பது நியாயம்தான்.

ஆனால் கொசு ஒழிந்துவிடும் என்று யாரிடமும் வாக்குக் கொடுத்துவிடாதே. ஃபுளோரிடாவில் பெர்க்கி என்ற விடுதிக்காரர் அப்படி நம்பி 1929இல் மரத்தாலேயே பெரிய வௌவால் கோபுரம் எழுப்பினார். கொசு இருந்தது, கோபுரம் இருந்தது, வௌவால் மட்டும் வரவில்லை!

பலகை இழைக்காமல் சொரசொரப்பாக இருக்கட்டும், மருந்து தடவியது வேண்டாம். பலகைகளுக்கு நடுவே 2 செ.மீ. சந்து விடு. அடிப்பக்கத்தை மூடாதே, எச்சம் தானே கீழே விழும், ரோஜாத் தொட்டிக்கு நல்ல உரம். தரையிலிருந்து 12 அடிக்கு மேல், விளக்கு வெளிச்சம் படாத சுவரிலோ கம்பத்திலோ மாட்ட வேண்டும். மரத்தில் மாட்டினால் பூனை ஏறும், கிளையும் வழி மறிக்கும். நம்மூர் வெயிலுக்கு வெளியே வெள்ளை அடித்துவிடு. நகராட்சி அனுமதியையும் மறக்காதே.

கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை மட்டும் வெறுங்கையால் தொடாதே. கடித்துவிட்டால் உடனே அம்மாவிடம் சொல்லி ஊசி போட்டுக்கொள்.

பெட்டியை மாட்டுவதற்கு முன் ஒரு வேலை. நாலைந்து நாள் பொழுது சாயும் நேரத்தில் பூங்காவில் உட்கார்ந்து, சின்ன வௌவால்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்று குறித்துவை. அந்தப் பக்கம்தான் பெட்டி. பலகையும் ரம்பமும் என்னிடம் இருக்கின்றன. ஒரு வருஷம் காலியாகவே தொங்கினாலும் கழற்றிவிடாதே.

அன்புடன்,
பெரியப்பா