மாமியாருக்குச் சொன்ன பதில்



மூன்றாமாண்டு மருத்துவ மாணவர்களுக்கு நீங்கள் எழுதிய பிறப்புறுப்புப் புண் கையேட்டைப் படித்தேன். சிபிலிஸ் புண் வலிக்காது, ஹெர்பிஸ் வலிக்கும் என்பதற்குள்ளெல்லாம் நான் போகவில்லை. எனக்கு எரிச்சல் மூட்டியது இரண்டாம் பக்கம். நோயாளியிடம் கேட்க வேண்டியவற்றில் பாலுறவு பற்றி ஒரே கேள்வி: "கல்யாணம் ஆகிவிட்டதா?"

ஆகிவிட்டது என்றால் என்ன தெரிந்துகொண்டீர்கள்? கல்யாணமாகாதவனுக்கு உறவே இருக்காதா? ஆண்களோடு உறவுள்ளவனுக்கு வீட்டில் மனைவி இருக்க மாட்டாளா? கடைசியாக எப்போது, ஆணோடா பெண்ணோடா, எந்த வழியில், ஆணுறை போட்டீர்களா என்று முகம் மாறாமல் கேட்க வேண்டும். கொனோரியா தொண்டையிலும் ஆசனவாயிலும் பல நேரம் அறிகுறி காட்டாமலே இருக்கும். கேட்காதவன் அங்கே சோதிக்கவும் மாட்டான்.

போதாக்குறைக்கு, உங்கள் மாதிரி கேஸில் நோயாளியின் மாமியார் பக்கத்திலேயே நிற்கிறார். "வேறு தொடர்பு இல்லை" என்று அந்தப் பெண் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது மாமியாருக்குச் சொன்ன பதில், டாக்டருக்கு அல்ல. பால்வினை நோய்ப் பிரிவை வி.டி. ஓ.பி. என்றே சொல்லிக்கொண்டிருந்த எங்கள் காலத்தில், என் சீஃப், நோயாளியோடு வந்தவரை ஏதாவது சீட்டைக் கொடுத்து வெளியே அனுப்புவார். அடுத்து மாணவர் கூட்டத்தையும் கலைப்பார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார்.

கேட்டுப் பேசுவதன் பலனைப் பாருங்கள்: இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது 1986-ல் தெரியவந்ததே ஒரு மாணவியால்தான். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் சுனிதி சாலமனிடம் படித்த நிர்மலா, ஆய்வேட்டுக்காகப் பாலியல் தொழிலாளிப் பெண்களைத் தேடிப்போய்ப் பேசி ரத்தம் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது உண்மை தெரிந்தது. அதெல்லாம் நம் நாட்டுக்கு வராது என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. இன்னமும் நாம் மாணவனுக்குத் தீர்ப்புச் சொல்லத்தான் கற்றுத்தருகிறோம். 2024 ஆகஸ்டில் வந்த மருத்துவப் பாடத்திட்டம் ஒருபால் உறவை மறுபடி குற்றப்பட்டியலில் சேர்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் செப்டம்பரில் திரும்பப் பெற்றார்கள்.

இத்தனை திட்டியும், துணைவருக்கும் சேர்த்துச் சிகிச்சை தரச் சொல்லும் உங்கள் கடைசிப் பக்கத்துக்கு நான் அடிமை. ஒருவருக்கு மட்டும் 24 லட்சம் யூனிட் பெனிசிலின் போட்டனுப்பினால் நோய் வீட்டிலேயே காத்திருந்து திரும்பத் தொற்றும் என்பதை இவ்வளவு தெளிவாக நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் அந்தத் துணைவர் யாரென்று உங்கள் இரண்டாம் பக்கத்தை வைத்துக்கொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது?

அதைக் கிழித்துப் போடுங்கள். மாணவர்களை இருவர் இருவராக உட்காரவைத்து, நான் மேலே சொன்ன கேள்விகளைத் தமிழில் வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். சிரிப்பார்கள். வகுப்பிலேயே சிரித்துத் தீர்க்கட்டும், நோயாளி முன்னால் சிரிப்பு வராது.