தெளிவாக இருந்தது, புரியவில்லை

நம்பிக்கை: விளக்கம் தெளிவாக இருந்தால் இயற்பியல் புரிந்துவிடும்.

கல்லூரிக்குள் ஸ்மார்ட் போர்டையும் வீடியோவையும் கொண்டுவந்ததே இந்த நினைப்புதான். சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்காக இதைச் சோதித்துப் பார்த்தார் டெரெக் முல்லர். பிற்பாடு வெரிட்டாசியம் யூடியூப் சேனலைத் தொடங்கியவர் அவர்தான். வீடியோ பார்த்த மாணவர்கள், தெளிவாகவும் எளிதாகவும் இருந்தது என்றார்கள். பார்ப்பதற்கு முன் 26-க்கு 6.0 ஆக இருந்த சராசரி மதிப்பெண், பார்த்த பின் 6.3. தம் விடை சரியென்ற துணிச்சல் மட்டும் கூடியிருந்தது!

மேலே எறிந்த பந்தோடு கை கொடுத்த விசையும் கூடவே போகிறது என்று நினைப்பவர், ஈர்ப்புவிசையைப் பற்றிய விளக்கத்தைக் கேட்டாலும் தம் நினைப்பைத்தான் அதில் கேட்கிறார். இன்னொரு குழுவுக்கு, அதே தவறான எண்ணத்தை ஒருவர் சொல்ல மற்றவர் மறுத்து வாதாடும் வீடியோவைக் காட்டினார் முல்லர். குழப்பமாக இருந்தது என்றார்கள். சராசரி 11-ஐ எட்டியது.

நம்பிக்கை: பொத்தானை அழுத்தி விடை சொல்லும் கிளிக்கரை ஆளுக்கொன்று கொடுத்தால் வகுப்பு விழித்துக்கொள்ளும்.

விடை எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டினாலும் அதே பலன்தான் என்று கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 2008-இல் காட்டிவிட்டது. வேலை செய்தது கேள்வியும் பக்கத்து இருக்கைக்காரரோடு நடந்த வாக்குவாதமும். பேட்டரிச் செலவாவது மிச்சம்.

நம்பிக்கை: திரையில் செய்யும் சோதனை ஆய்வகத்துக்கு ஈடு.

இதில் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் மின்சுற்றைத் திரையில் பழகியவர்கள், நிஜக் கருவியில் பழகியவர்களைவிட நன்றாகவே செய்தார்கள். நிஜ ஒயரைக் கையில் கொடுத்தபோதும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத எலெக்ட்ரான் ஓட்டத்தைத் திரை காட்டுகிறதே!

ஆனால் திரையில் ஒயர் தளராது. பொட்டென்ஷியோமீட்டரின் இரு முனையிலும் கால்வனோமீட்டர் முள் ஒரே பக்கம் சாய்ந்தால், எங்கே தப்பு என்று தேட வேண்டும்: செல் தலைகீழா, சாவி சரியாகச் செருகவில்லையா? நான் அரைமணி நேரம் தேடியிருக்கிறேன். நூல் சுற்றிய ஒயரின் முனையைச் சுரண்டாமலே முதன்மைச் சுற்றில் முறுக்கிவிட்டிருந்தேன். மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்று முதன்முதலாக யோசித்தது அன்றைக்குத்தான். ரெக்கார்டு நோட்டில் அந்த அரைமணி நேரத்துக்கு இடமில்லை. 'முடிவு' என்ற தலைப்பின் கீழ் ஓர் எண் மட்டும் இருக்கிறது.