கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பு: செலவும் பலனும்

விதைக்கு முன் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பும் விவசாயி, அதற்கான தொகையை வீண் செலவாகக் கருதுவதில்லை. தாய்மாரின் உயிர் காக்கும் சோதனையையும் அவ்வாறே எண்ணிப் பார்த்தல் தகும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் திடீரெனத் தோன்றுவதன்று. எச்.பி.வி. என்னும் வைரஸ் தொற்றி, நீங்காமல் நிலைத்துவிட்டால், அது புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அவ்விடைக்காலத்தில் கண்டறிந்தால் எளிய சிகிச்சையால் தடுத்துவிடலாம். முற்றிய பின்னர்ப் பெருஞ்செலவு செய்தும் காப்பது அரிது.

எந்தச் சோதனை சிக்கனமானது? மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள 1,31,746 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2009-ல் வெளியாயிற்று. அவர்கள் நான்கு பிரிவினராயினர். முதற் பிரிவினருக்கு ஆய்வுக்கூடத்தில் எச்.பி.வி. சோதனையும், அடுத்தவர்களுக்கு உயிரணுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனையும், மூன்றாமவர்களுக்குக் காடி தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனையும் ஒரே முறை செய்யப்பட்டன. நான்காம் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டுமே கிடைத்தது. எட்டு ஆண்டுகளில் நான்காம் பிரிவின் 31,488 பேரில் 64 பேர் இந்நோயால் மாண்டனர். எச்.பி.வி. பிரிவின் 34,126 பேரில் மாண்டோர் 34 பேரே. ஏனைய இரு பிரிவுகளிலும் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை.

மூன்றனுள் எச்.பி.வி. சோதனையே செலவு மிகுந்தது. ஆயினும் மரணத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது அதுவே. ஆகவே, விலை மலிந்ததே சிக்கனம் என்பதற்கில்லை. எனினும், ஆய்வுக்கூட வசதியில்லாத இடத்தில் கண்ணால் பார்க்கும் முறையைப் புறக்கணிக்கலாகாது. நம் திண்டுக்கல் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற செவிலியர் செய்த அச்சோதனை மரணத்தை 35 சதவீதம் குறைத்ததாக 2007-ல் தெரியவந்தது.

இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளைப் பற்றி 2005-ல் வெளிவந்த கணக்கீடு மற்றோர் உண்மையை உணர்த்துகிறது. 35-வது வயதில் ஒரே முறை சோதித்து, ஒன்றிரண்டு வருகைகளில் சிகிச்சையும் முடித்தால், ஆயுட்கால நோய் அபாயம் 25 முதல் 36 சதவீதம் குறையும். பலமுறை அலைய நேர்ந்தால் பலர் இடையில் நின்றுவிடுவர். செலவிட்ட பணமும் வீணாகும்.

பஞ்சாயத்தின் கடமை இங்கேதான் தொடங்குகிறது. 30 வயதைக் கடந்த பெண்களின் பட்டியலைச் சுகாதார ஊழியருடன் சேர்ந்து தயாரித்தல் வேண்டும். நடவும் அறுவடையும் இல்லாத நாளில் முகாம் நடத்தல் நலம். கிருமி இருப்பதாக முடிவு வந்தால் அது புற்றுநோய் என்று பொருளன்று. இதனை விளக்கி, முடிவை இரகசியமாகக் காத்து, சிகிச்சைக்குச் செல்ல உதவுதல் வேண்டும்.

மண் பரிசோதனை முடிவைக் கூரையில் செருகிவிட்டுப் பழையபடி உரமிடுபவருக்குப் பயன் யாது? சோதனையைச் சிகிச்சை வரை கொண்டு செலுத்துவதே உண்மையான சிக்கனமாகும்.