விரல் நீட்டும் பிள்ளை, முகம் பார்க்கும் பிள்ளை: நடைபயிலும் குழந்தை மனிதர்களோடு ஒட்டுகிறதா என்று கவனிப்பது எப்படி?

காலை நேரம். சிங்கப்பூரின் கேம்பல் லேன் பூக்கடையில் மாலை கட்டும் கைகள் ஓயவில்லை. தள்ளுவண்டியில் உட்கார்ந்திருக்கும் ஒன்றரை வயதுக் குழந்தை, தொங்கும் சாமந்தி மாலையைப் பார்த்து விரலை நீட்டுகிறது. உடனே தலையைத் திருப்பிப் பாட்டியின் முகத்தைப் பார்க்கிறது. மறுபடி மாலை, மறுபடி பாட்டி. “பூ வேணுமாடா கண்ணா?” என்கிறார் பாட்டி. குழந்தைக்குப் பூ வேண்டாம். தான் கண்டதைப் பாட்டியும் காணவேண்டும், அவ்வளவுதான்.

ஒரே பொருளை இருவர் சேர்ந்து கவனிக்கும் இந்தத் திறனைக் குழந்தை வளர்ச்சி நிபுணர்கள் ‘கூட்டுக் கவனம்’ என்கிறார்கள். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் இந்த வயதைக் கூர்ந்து கவனித்தவர்கள். கைகொட்டும் வயதுக்குச் சப்பாணி, நடந்து வரும் வயதுக்கு வாரானை, நிலவை விளையாட அழைக்கும் வயதுக்கு அம்புலி என்று பருவம் வகுத்தார்கள். ஒரு குழந்தை சுற்றியிருப்போருடன் எப்படி ஒட்டுகிறது என்று அறிய விலையுயர்ந்த கருவி வேண்டாம். வீட்டு விளையாட்டே போதும். அதை முறையாகக் கவனிக்கத் தெரிந்திருக்கவேண்டும்.

படி 1: நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுத்தல்

பசியோ தூக்கமோ சளியோ இல்லாத நேரமாக இருக்கட்டும். தொலைக்காட்சியை அணைத்து, கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்தால் போதும். ஒரே நாளில் முடிவுக்கு வரக்கூடாது. இரண்டு வாரத்தில் வீடு, புளோக் கீழ் விளையாட்டுத் திடல், கடைத்தெரு என மூன்று இடங்களில் பார்க்கவேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை, பிறக்கவேண்டிய தேதியிலிருந்தே வயதைக் கணக்கிடுவது வழக்கம்.

படி 2: நண்டை நடுவழியில் நிறுத்துதல்

உள்ளங்கையில் பருப்பு கடைந்து, ஆளுக்கொரு வாய் ஊட்டி, முழங்கை வழியாக விரல்களை நண்டுபோல் ஊரவிட்டு, அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டு எல்லாத் தமிழ் வீட்டிலும் உண்டு. இரண்டு முறை முழுதாக ஆடிவிட்டு, மூன்றாம் முறை நண்டை முழங்கையிலேயே நிறுத்திவிடலாம். ஐந்து வரை மனதுக்குள் எண்ணும்வரை கையை அசைக்கக்கூடாது.

குழந்தை என்ன செய்கிறது? நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறதா, சிரிப்பை அடக்கிக்கொண்டு தோளைக் குறுக்குகிறதா, நின்ற விரலைப் பிடித்து மேலே இழுக்கிறதா? இவற்றில் எதைச் செய்தாலும் “அடுத்தது உன் முறை” என்று எதிராளியிடம் கேட்கிறது என்று பொருள். நண்டு நின்றதைப் பொருட்படுத்தாமல் எழுந்து போனால், வேறொரு நாள் மறுபடி ஆடிப் பார்க்கவேண்டும்.

படி 3: சுட்டு விரலைப் பின்தொடர்தல்

அறையின் மறுமூலையில் இருக்கும் பொம்மையைக் காட்டி, “அதோ பார்!” என்று சொல்லிப் பார்க்கலாம். குழந்தை விரலைப் பார்க்கிறதா, விரல் காட்டும் பொருளைப் பார்க்கிறதா? அடுத்து, அது தானாகச் சுட்டுவதைக் குறித்துக்கொள்ளவேண்டும். பிஸ்கட் டப்பாவைக் காட்டுவது கேட்பதற்காக. சன்னல் வழியே எம்ஆர்டி ரயிலையோ நிலவையோ காட்டுவது பகிர்வதற்காக. இரண்டையும் தனித்தனியாக எழுதவேண்டும். 18 மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் பகிர்வதற்காகவும் சுட்டுகிறார்கள்.

படி 4: பயத்திலும் பிரிவிலும் யாரைத் தேடுகிறது?

சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் திடீரென மேளம் முழங்கினால் குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அம்மா சிரித்தால் ஆறும். இரண்டு வயதையொட்டி, புதிய சூழலில் பெரியவர் முகம் பார்த்து நடந்துகொள்வது நன்றாகத் தெரியும். புதியவரைக் கண்டு அழுவது குறையல்ல. ஒன்பது மாதத்திலேயே தொடங்கும் இயல்பு அது.

மேரி எயின்ஸ்வர்த் 1978-ல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, தாய் வெளியே போகும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைவிடத் தாய் திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதையே முக்கியமாகக் கொண்டது. பராமரிப்பு நிலையத்தில் மாலையில் கூப்பிடப் போகும்போது கவனிக்கவேண்டியதும் அதுதான்: ஓடி வருகிறதா, தூக்கச் சொல்கிறதா, கொஞ்ச நேரத்தில் ஆறி விளையாட்டுக்குத் திரும்புகிறதா?

படி 5: மற்றக் குழந்தைகளின் நடுவே

இரண்டு வயதுக் குழந்தை பொம்மையைப் பகிரவில்லை என்று கண்டிப்பதில் பயனில்லை. மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே விவரித்ததுபோல, பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியே ஆடுவதும் ஒரு கட்டம். அடுத்த குழந்தை செய்வதைப் பார்த்துச் செய்கிறதா, யாராவது அழுதால் திரும்பிப் பார்க்கிறதா என்பதைக் குறிக்கலாம். துணி உலர்த்தும்போது கிளிப்பைத் தவறவிட்டதுபோல் கீழே போட்டு, எட்டாததுபோல் கை நீட்டலாம். 18 மாதக் குழந்தைகள் பலர் சொல்லாமலேயே எடுத்துக் கொடுப்பதை வார்னெக்கனும் தோமசெல்லோவும் 2006-ல் காட்டினார்கள்.

படி 6: பார்ப்பவர் எல்லாரையும் கேட்டல்

சிங்கப்பூர் வீட்டில் குழந்தையோடு பகல் முழுதும் இருப்பவர் பெரும்பாலும் பாட்டியோ பணிப்பெண்ணோ பராமரிப்பு நிலைய ஆசிரியரோதான். பாட்டியிடம் தமிழ், நிலையத்தில் ஆங்கிலம், பணிப்பெண்ணிடம் இந்தோனேசிய மொழி என்று வளரும் பிள்ளைக்கு எல்லா மொழிச் சொல்லையும் சேர்த்தே எண்ணவேண்டும். பல மொழி கேட்பதால் குழந்தை கண்பார்ப்பதையோ விரல் நீட்டுவதையோ நிறுத்திவிடாது. ஆகவே, “ரெண்டு மூணு பாஷை, குழம்பிப் போச்சு” என்று அவை இல்லாததைத் தள்ளிவிடக்கூடாது.

படி 7: தாளில் எழுதி, மருத்துவரிடம் கொண்டுபோதல்

பிறந்தவுடன் தரப்படும் சுகாதாரக் கையேட்டில் வளர்ச்சிப் பட்டியல் இருக்கிறது. பலதுறை மருந்தகத்துக்குப் போகும் முன்பே அதை நிரப்பிவிடவேண்டும். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு, ஆட்டிசத்துக்கான அறிகுறிகளைத் தேடும் ‘எம்-சாட்-ஆர்’ என்ற 20 கேள்விப் பட்டியலும் உலகெங்கும் பயன்படுகிறது. அதில் 3 முதல் 7 மதிப்பெண் வந்தால் கூடுதல் கேள்விகள் கேட்பார்கள். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேரே நிபுணரிடம் அனுப்புவார்கள். இது சல்லடைதான். எந்தக் குழந்தைக்கும் இதை வைத்து மட்டும் ஆட்டிசம் என்று பெயர் சூட்டமுடியாது.

ஆனால் காத்திருக்கக்கூடாத சில அறிகுறிகள் உண்டு. 12 மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதது, 18 மாதத்தில் எதையும் சுட்டாதது, எந்த வயதிலும் வந்த பேச்சோ சிரிப்போ பழக்கமோ மறைந்துபோவது ஆகியவை அவை. முதலில் காதுப் பரிசோதனை செய்வார்கள். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்துக்கு அருகிலேயே, புக்கிட் தீமா சாலையில் இருக்கும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் குழந்தை வளர்ச்சிப் பிரிவுகள் உள்ளன. உதவி தேவைப்படும் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு ‘இபிக்’ என்ற முன்தலையீட்டுத் திட்டம் இருக்கிறது.

மருத்துவரைப் பார்க்கும் நாளில் குறிப்பேட்டோடு ஒரு நிமிடக் காணொளிகள் மூன்றைக் கொண்டுபோவது நல்லது: ஒன்றில் நண்டு விளையாட்டு, இன்னொன்றில் பெயர் சொல்லி அழைப்பது, மூன்றாவதில் திடலில் மற்றப் பிள்ளைகளோடு இருப்பது. பகலில் பார்த்துக்கொள்பவரையும் கூடவே அழைத்துச் செல்லலாம். வீட்டில் கலகலவென்றிருக்கும் பிள்ளை மருத்துவர் அறையில் வாய் திறக்காமல் அம்மா மடியில் முகம் புதைத்துக்கொண்டால், அந்தக் காணொளிகளும் பாட்டி சொல்லும் சேதியும் அதற்காகப் பேசும்.