சீக்கிரம் கிடைத்த நாற்காலி

மும்பை வடாலா டிரக் டெர்மினலில் எந்த டிரான்ஸ்போர்ட் ஆபீஸிலும் நம்ம பையன் ஒருவன் இருப்பான். இருபத்தெட்டு வயதில் பிராஞ்ச் இன்சார்ஜ். ஒரு கையில் பில்டிக் கட்டு, மறு கையில் போன். வாசலில் நிற்கும் டிரைவருக்கு ஒரு அதட்டல், போனில் சேட்டுக்கு ஒரு ‘ஹாஞ்ஜி’. அவன் தெரிந்துகொள்ள வேண்டியது, அவனைப் போலவே சீக்கிரம் நாற்காலி கிடைத்த அரசியல்வாதி சரத் பவாரின் பிழைப்பு.

1967இல் பாராமதி எம்.எல்.ஏ. ஆனவர், 1978 ஜூலையில் மகாராஷ்டிர முதல்வர். வயது 37. வசந்த்தாதா பாட்டீல் அமைச்சரவையில் இருந்துகொண்டே அதைக் கவிழ்த்துப் பிடித்த பதவி. முதுகில் குத்தினார் என்று அன்று கிளம்பிய பேச்சு இன்னும் ஓயவில்லை. மேலே இருப்பவரைத் தள்ளிவிட்டு ஏறினால் அந்தப் பேரைக் கடைசிவரை சுமக்கத்தான் வேண்டும்.

1980 பிப்ரவரியில் மத்திய அரசு அவர் ஆட்சியைக் கலைத்தது. என்னைக் கேட்டால், முதல்வராக இருந்த காலத்தைவிட அடுத்த எட்டு வருடம்தான் பாடம். அந்த டிசம்பரிலேயே விவசாயிகளைத் திரட்டி ஜல்கானிலிருந்து நாக்பூர் நோக்கி நடைப்பயணம் போனார். 1984இல் லோக்சபாவுக்கு ஜெயித்தார். மறு வருடம் சட்டமன்றத்துக்கும் ஜெயித்ததும் டெல்லியை உதறிவிட்டு மும்பையில் எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தார். 1986இல், விட்டுவந்த காங்கிரஸ் கட்சிக்கே திரும்பினார். 1988இல் மறுபடி முதல்வர்.

ஆகவே, இன்சார்ஜ் பதவி போனால் ராஜினாமாவை வீசாதீர்கள். பார்ட்டிகளுக்குப் போன் போடுவதையும் டிரைவர்களோடு டீ குடிப்பதையும் நிறுத்தாதீர்கள்.

இன்னொரு கண்டம், ஹெட் ஆபீஸ் மாற்றல். அதற்கு உதாரணம் அமெரிக்காவின் எவான் பே: 1989இல் 33 வயதில் இந்தியானா மாநில ஆளுநர்; 1999இல் செனட்டர். அங்கே ஆளுநர் என்றால் நம்மூர் முதல்வர் மாதிரி, கையெழுத்துப் போட்டால் காரியம் நடக்கும். செனட்டில் நூறு பேரில் ஒருவர். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் வேலையே நகரவில்லை என்று அலுத்துப்போய், 2010 தேர்தலில் நிற்கமாட்டேன் என்று விலகினார். பவார் அப்படி அலுக்கவில்லை. பாதுகாப்பு அமைச்சர், திரும்பவும் முதல்வர், பத்து வருடம் வேளாண் அமைச்சர், 2014இல் ராஜ்யசபா என்று ஆட்டத்திலேயே இருந்தார். எல்லோருக்கும் அந்தப் பொறுமை வராது. பே விலகியதிலும் தப்பில்லை.

சேட் உங்களை மஸ்ஜித் பந்தர் ஹெட் ஆபீஸுக்குக் கூப்பிட்டால், சம்பளத்துக்கு முன்னால் இரண்டு விஷயம் கேளுங்கள்: எனக்குக் கீழே யார்? வண்டி வாடகைக்கு யார் கையெழுத்து?