மணல் நடுவே ஒரு நாற்சந்தி: ஜெய்சல்மேர் நகரம் வியாபாரிகளுக்குச் சொல்லும் பாடம்



சிரம்பானில் ரயில் ஏறித் தெற்கே போனால் ரெம்பாவ், தம்பின் தாண்டிக் கிம்மாஸ் வரும். அந்த ஊருக்குப் பெயர் தந்தது ஈயமும் அல்ல, துறைமுகமும் அல்ல. இரண்டு ரயில் பாதைகள் அங்கே சந்திக்கின்றன, அவ்வளவுதான். 1910-ல் கிம்மாஸிலிருந்து பஹாவுக்குக் கிளைப்பாதை திறந்தார்கள். 1931-ல் அது கிளந்தான் வரை முழுமை பெற்றது. வண்டி மாறுகிறவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவருக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும். அப்படித்தான் சந்திப்பு ஊர்களில் சாப்பாட்டுக்கடையும் மளிகைக்கடையும் முளைக்கின்றன. ஊர் என்பது சில இடங்களில் இவ்வளவு எளிய காரணத்தால் உண்டாகிவிடுகிறது.

இதே காரணத்தால் மணற்காட்டின் நடுவில் எழுந்து, செழித்து, பாழாகி, மறுபடியும் பிழைத்த ஒரு நகரத்தின் வரலாற்றை இம்முறை படிப்போம். அது இந்தியாவின் மேற்கு ஓரத்தில் தார் பாலைவனத்தில் உள்ள ஜெய்சல்மேர். கடை வைத்துப் பிழைக்கும் நமக்கு அந்த ஊரின் கதையில் நிறையப் பாடம் இருக்கிறது.

ஊர் பிறந்த விதம்

1156-ம் ஆண்டில் ராவல் ஜைசால் என்ற ராஜபுத்திர மன்னர், லோதுர்வா என்ற தம் பழைய தலைநகரை விட்டு, சில மைல் தள்ளியிருந்த ஒரு குன்றின்மேல் கோட்டை கட்டினார். அவர் பெயராலேயே ஊர் வழங்கலாயிற்று. கோட்டையும் வீடுகளும் அங்கே கிடைக்கும் மஞ்சள் கல்லால் ஆனவை. மாலை வெயிலில் பொன்போல் தோன்றுவதால் பொற்கோட்டை என்றும் சொல்வார்கள்.

அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 20 சென்டிமீட்டர்தான். சிரம்பானில் பெய்வது அதைப்போல் சுமார் பத்து மடங்கு. நெல் விளையாத, ஆறு ஓடாத அந்த இடத்தில் ஒரு பட்டணம் எப்படிப் பிழைத்தது?

வழியினால் பிழைத்தது. வடக்கே முல்தானும், வடமேற்கே ஆப்கானிஸ்தானமும், மேற்கே சிந்து நாடும், தெற்கே குஜராத் துறைமுகங்களும், கிழக்கே மார்வாரும் டில்லியும். இந்தத் திசைகளுக்குச் சென்ற ஒட்டகக் கூட்டங்களுக்கு ஜெய்சல்மேர் நடுவழியில் இருந்தது. குறைஷிகள் குளிர்காலத்தில் யமனுக்கும் கோடையில் ஷாமுக்கும் வாணிபப் பயணம் போனதை நாம் அறிவோம். அதே வகைப் பயணம்தான் இந்த மணலிலும் நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது. உலர்ந்த பழம், குதிரை, பட்டு, துணி, வாசனைப் பொருள்கள் எல்லாம் இவ்வழியே போயின.

சுமை ஏற்றிய ஒட்டகம் நாளைக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நடக்கும். ஜெய்சல்மேரிலிருந்து ஜோத்பூருக்குப் பாதை 280 கிலோமீட்டருக்குக் குறையாது. அப்படியானால் ஒன்பது பத்து நாள் பயணம். இடையில் தண்ணீரும், தங்க இடமும், களைத்த ஒட்டகத்தை மாற்றிக்கொள்ள வசதியும் வேண்டும். இவற்றைக் கொடுக்கும் ஊரில் கூட்டம் நிற்கும். நின்ற கூட்டம் சாமானை விற்கும், வாங்கும்.

மூன்று முதல்கள்

வழியில் இருப்பது மட்டும் போதாது. பாலையில் எத்தனையோ குன்றுகள் உண்டு. எல்லாம் நகரம் ஆகிவிடவில்லை. இந்த ஊருக்கு மூன்று முதல்கள் இருந்தன.

முதலாவது தண்ணீர். 14-ம் நூற்றாண்டில் ராவல் கட்சி என்ற மன்னர் ஊருக்கு வெளியே ஒரு பெரிய ஏரியைச் சீர்படுத்தினார். கடீசர் என்று அவர் பெயரால் வழங்கும் அந்த ஏரி, பெய்கிற கொஞ்ச மழையையும் தேக்கி வைத்துப் பல நூற்றாண்டுகள் ஊரின் தாகத்தைத் தீர்த்தது. சுற்றுக் கிராமங்களில் பாலிவால் பிராமணர்கள், மேட்டில் பெய்த மழை ஓடிவந்து தேங்கும்படி தாழ்ந்த நிலத்தில் நீண்ட கரை போட்டு, நீர் வற்றிய பிறகு அந்த ஈரத்திலே கோதுமை விதைத்தார்கள். இதற்குக் காதீன் என்று பெயர்.

இரண்டாவது காவல். பழைய நாளில் அந்த மன்னர் குலத்தார் கூட்டங்களைக் கொள்ளையிட்டதாகவும் கதைகள் உண்டு. ஆனால் கொள்ளை ஒருமுறைதான் கிடைக்கும். சுங்கம் வருஷந்தோறும் கிடைக்கும். ஆகவே வழிச்சுங்கம் வாங்கிக்கொண்டு, கூட்டம் தம் எல்லையைப் பத்திரமாகக் கடக்கக் காவல் கொடுப்பது மன்னருக்கு நிலையான வருமானம் ஆயிற்று.

மூன்றாவது நாணயம். முல்தானில் சரக்கு வாங்கப் போகிறவர் பொற்காசு மூட்டையைச் சுமந்துகொண்டு பாலைவனம் கடக்க முடியுமா? ஓர் ஊர்ச் சேட்டிடம் பணம் கட்டி ஒரு கடிதம் பெற்றுக்கொள்வார். மற்றோர் ஊரில் அந்தச் சேட்டின் கிளையிலோ கூட்டாளியிடமோ கடிதத்தைக் காட்டிப் பணம் வாங்கிக்கொள்வார். வடக்கே இதை உண்டி என்பார்கள். மலாயாவிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்ப நம் பாட்டன்மார் நாடிய உண்டியல் என்ற சொல்லும் அதுவேதான். ஒரு துண்டுக் காகிதத்தை நம்பி பல நூறு மைலுக்கு அப்பால் ஒருவர் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார் என்றால், அந்த வியாபாரியின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்க வேண்டும்!

இந்த மூன்றினாலும் வந்த செல்வத்தை இன்றும் அங்கே கண்ணால் காணலாம். ஜரிகை வியாபாரமும் லேவாதேவியும் செய்த குமான் சந்த் பட்வா என்ற வணிகர் குடும்பத்தார் 19-ம் நூற்றாண்டில் ஐந்து புதல்வர்களுக்கு ஐந்து மாளிகைகளை அடுத்தடுத்துக் கட்டினர். மரத்தில் செதுக்குவதுபோல் கல்லில் செதுக்கிய ஜன்னல்கள் அவற்றில் உண்டு. அந்த ஊரில் கல்வேலைக்குப் பெயர்பெற்றவர்கள் சிலாவத் என்னும் முஸ்லிம் கல்தச்சர்கள். 1885-ல் திவான் நத்மலுக்காகக் கட்டிய மாளிகையின் முகப்பை அண்ணன் தம்பி இருவர் ஆளுக்கொரு பாதியாகச் செதுக்கினார்கள் என்று சொல்வார்கள். பார்வைக்கு இரண்டு பாதியும் ஒன்றுபோல் இருக்கும். உற்றுப் பார்த்தால் பூவும் கொடியும் வேறு வேறு.

வழி மாறியது

இவ்வளவு உறுதியாக நின்ற ஊர் எப்படித் தளர்ந்தது? கோட்டையை யாரும் இடிக்கவில்லை. ஏரியும் தூர்ந்துவிடவில்லை. வழி மாறிற்று.

முதல் அடியில் நமக்குத் தனியான ஒரு படிப்பினை உண்டு. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வழியே போன பெருத்த லாபச் சரக்குகளில் ஒன்று மாளவ நாட்டு அபின். கிழக்கிந்தியக் கம்பெனியின் வரிக்கும் கட்டுப்பாட்டுக்கும் தப்புவதற்காக, வியாபாரிகள் அபினைப் பாலி, ஜெய்சல்மேர் வழியாகக் கராச்சிக்கு அனுப்பி, அங்கிருந்து கப்பலில் போர்த்துகீசியரின் டாமனுக்கும் பிறகு சீனாவுக்கும் கொண்டுபோனார்கள். 1843-ல் ஆங்கிலேயர் சிந்து நாட்டைப் பிடித்ததும் அந்த வழி அடைபட்டது. மனிதரைக் கெடுக்கும் சரக்கு. அதுவும் சட்டத்தின் சந்துபொந்தை நம்பிய வியாபாரம். சந்து அடைபட்ட அன்றே லாபமும் நின்றது.

இரண்டாவது அடி கடலிலிருந்து வந்தது. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்தது. நீராவிக் கப்பல்கள் வந்தன. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. பாலைவனம் கடந்து வந்த சரக்கு கப்பலிலே குறைந்த கூலியில் வந்து இறங்கியது.

மூன்றாவது அடி ரயில். ஜோத்பூர்ப் பக்கத்திலிருந்து சிந்து நாட்டுக்குப் போட்ட இருப்புப் பாதை 1900-ஐ ஒட்டிப் பார்மேர் வழியாகப் போயிற்று, ஜெய்சல்மேரைத் தொடவில்லை. ஓர் ஒட்டகம் 200 கிலோ சுமக்கும் என்று வைத்துக்கொண்டால், பத்து டன் கொள்ளும் ஒரே ஒரு சரக்குப் பெட்டி 50 ஒட்டகங்களின் வேலையைச் செய்துவிடும். இந்தக் கணக்குக்கு முன்னால் எந்த ஒட்டகக்காரர் நிற்க முடியும்?

நான்காவது அடி எல்லைக்கோடு. 1947-ல் நாடு பிரிந்தபோது, மிச்சமிருந்த சிந்து வியாபாரமும் அற்றது. நாற்சந்தியாக இருந்த ஊர், ஒரு பக்கம் சுவர் எழுப்பிய முட்டுச்சந்து போல் ஆயிற்று.

வெளியிலிருந்து வந்த அடிகள் இவை. உள்ளிருந்தும் ஒன்று உண்டு. 19-ம் நூற்றாண்டின் முதற் பகுதியில் சலீம் சிங் என்ற திவானின் கொடுமை தாங்காமல் குல்தாரா முதலிய 84 கிராமத்துப் பாலிவால்கள் ஒரே இரவில் வெளியேறினார்கள் என்று அங்கே சொல்கிறார்கள். தண்ணீர் குறைந்ததே காரணம் என்பாரும் உண்டு. எப்படியாயினும் உழைக்கிறவரும் வியாபாரம் செய்கிறவரும் போய்விட்டால் ஊரில் என்ன மிஞ்சும்? குல்தாராவின் கூரையில்லாத வீடுகள் இன்றும் அப்படியே நிற்கின்றன.

இரண்டு வகை வியாபாரிகள்

வழி மாறியபோது அந்தப் பாலை நாட்டு வணிகர்கள் இரண்டு வகையாகப் பிரிந்தார்கள். ஒரு வகையினர், வழி போன திசையில் தாமும் போனார்கள். பம்பாய், கல்கத்தா, ஹைதராபாத் என்று ராஜஸ்தானத்து வணிகர்கள் பரவியது இப்படித்தான். அவர்கள் மாளிகையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. கணக்குப் புத்தகத்தையும், உறவையும், தம் சொல்லுக்கு இருந்த நாணயத்தையும் கொண்டுபோனார்கள். புது ஊரில் அவையே முதலாயின.

மற்ற வகையினர், “இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம், காபிலா திரும்பி வரும்” என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். காபிலா திரும்பவில்லை.

பின்னாளில் ஊர் பிழைத்தது உண்மை. 1965, 1971 யுத்தங்களை ஒட்டி எல்லைக் காவலுக்காக நல்ல சாலைகள் வந்தன. 1960-களின் பிற்பகுதியில் ரயிலும் வந்தது. 1987-ல் இந்திரா காந்தி கால்வாயின் நீர் ஜெய்சல்மேர் மாவட்டத்தை எட்டியது. பழைய மாளிகைகளைப் பார்க்க உலகத்தின் பல பாகத்திலிருந்தும் பிரயாணிகள் வருகிறார்கள். 2013-ல் ராஜஸ்தானத்துக் கோட்டைகள் சிலவற்றோடு இதையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஒரு காலத்தில் சரக்கு சுமந்த ஒட்டகம் இன்று வேடிக்கை பார்க்க வந்தவர்களைச் சுமக்கிறது. ஆனால் நடுவில் கழிந்த நூறு வருஷத்தில் எத்தனை குடும்பங்கள் நொடித்திருக்கும்!

நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம்

இதை எங்கோ உள்ள ஊரின் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். கோலாலம்பூர் – சிரம்பான் நெடுஞ்சாலை 1982-ல் திறந்தது. வடக்கு – தெற்கு நெடுஞ்சாலை 1994-ல் முழுமையாயிற்று. அதற்கு முன் சிங்கப்பூர் போகிற பஸ்ஸும் லாரியும் காரும் பழைய சாலையில் தம்பின், கிம்மாஸ், சிகாமட் என்று ஊர் ஊராகப் போயின. டிரைவர் தேநீருக்கு நிறுத்துவார், பயணிகள் இறங்குவார்கள். நெடுஞ்சாலை வந்த பிறகு அந்த வண்டிகள் ஊருக்குள் வருவதில்லை. 2013-ல் சிரம்பானுக்கும் கிம்மாஸுக்கும் இடையே மின்சார இரட்டை ரயில் பாதையும் முடிந்தது. பயணம் வேகமாயிற்று. நாட்டுக்கு நல்லதுதான். ஆனால் வேகம் கூடக்கூட, வழியில் நிற்கிறவர்கள் குறைவார்கள்.

தோட்டத்துப் பக்கமும் இதே கதைதான். ரப்பர் தோட்டத்துச் சம்பள நாளை நம்பிப் பற்று எழுதி வியாபாரம் செய்த கடைகள் இந்த மாநிலத்தில் எத்தனையோ இருந்தன. தோட்டம் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறியபோது, தோட்டத்து ஜனங்கள் டவுனுக்குக் குடிபோனார்கள். அவர்களைப் பின்தொடர்ந்து டவுனுக்கு வந்த கடைக்காரர் பிழைத்துக்கொண்டார். “என் கடையைத் தேடி வருவார்கள்” என்று இருந்தவர் பழைய பற்றுப் புத்தகத்தோடு தனியே நின்றார்.

ஆகவே ஒவ்வொரு கடைக்காரரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்: என்னிடம் வருகிறவர் எனக்காக வருகிறாரா, அல்லது வழியில் நான் இருப்பதால் வருகிறாரா? வழிக்காக என்றால் அந்தக் கூட்டம் சாலைக்குச் சொந்தம். நமக்குச் சொந்தம் அல்ல. சாலை திரும்பினால் அதுவும் திரும்பும். அந்தக் கூட்டம் இருக்கிற காலத்திலேயே அதில் நாலு பேரையாவது நம் சரக்குக்கும் சொல்லுக்கும் வாடிக்கையாக்கிக்கொள்வது புத்தி.

லாபம் முழுவதையும் ஒரே கட்டடத்தில் போட்டு முடக்கிவிடாமல், கையில் ஒரு பங்கு வைத்திருப்பதும் புத்தி. வழி மாறும்போது வேறிடம் போக அது வண்டிச் சத்தம் ஆகும். பிள்ளைகளுக்குக் கல்லாவில் உட்காரக் கற்பித்தால் மட்டும் போதாது. சரக்கு எங்கிருந்து எவ்வழியாக வருகிறது, வாங்குகிறவர் எங்கே குடிபோகிறார் என்று பார்க்கவும் கற்பிக்க வேண்டும். இன்று ஜனங்கள் கைத்தொலைபேசியிலேயே சாமான் வாங்குகிறார்கள். அதுவும் ஒரு புதுப் பாதைதான். பார்மேர் வழியாக ரயில் போனபோது ஜெய்சல்மேர்க்காரர்கள் செய்ததுபோல் நாம் அதைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கலாகாது.

ஐந்து மாளிகைகள் கட்டிய பட்வாக்களின் கல் இன்றும் அங்கேதான் இருக்கிறது. அவர்களுடைய வியாபாரம் அங்கே இல்லை.

கலந்து பேசுவதற்குச் சில கேள்விகள்

1. ஜெய்சல்மேரின் மூன்று முதல்கள் எவை? அவற்றில் வேறு ஊருக்குக் கொண்டுபோகக் கூடியது எது?

2. கொள்ளையைவிடச் சுங்கம் மேல் என்று கண்ட மன்னரின் கணக்கு, வாடிக்கைக்காரரிடம் நாம் விலை சொல்லும் முறைக்கு எப்படிப் பொருந்தும்?

3. உங்கள் கடைக்கு முன்னால் போகும் சாலை அல்லது ரயில் பாதை கடந்த 30 வருஷத்தில் எப்படி மாறியிருக்கிறது? அதனால் வியாபாரத்தில் கூடியது என்ன, குறைந்தது என்ன?

4. உங்கள் கடை நாளை வேறு தெருவுக்குப் போனால், தேடி வரக்கூடிய வாடிக்கைக்காரர் எத்தனை பேர்? பெயர் எழுதி எண்ணிப் பாருங்கள்.