ஊர் இலக்கத்தைக் கைவிடாதீர்கள்

வளைகுடாவுக்குப் புறப்படும் நம்மவர்கள் முதலில் கழற்றிப் போடுவது ஊர் சிம்மைத்தான். வியாபாரிக்கு இது கூடாத வேலை. வாடிக்கையாளருக்குத் தெரிந்தது அந்த இலக்கம். வங்கி அனுப்பும் இரகசிய இலக்கமும் அதற்கே வருகிறது. பல மாதம் பாவிக்காமல் விட்டால் கம்பனி இணைப்பைத் துண்டித்து, இலக்கத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். பிறகு உங்கள் கணக்கு பற்றிய எஸ்எம்எஸ் யாரோ ஒருவரின் கையில்!

இரண்டு சிம் போடும் கைபேசி வாங்குங்கள். புறப்படுமுன் ஊர் சிம்மின் ரோமிங்கைத் திறந்து, அதன் டேட்டாவை மட்டும் மூடிவிடுங்கள். வரும் அழைப்பை எடுத்தாலும் காசு போகும். எஸ்எம்எஸ் வந்தால் போதும். ரீலோடை வீட்டார் இங்கிருந்தே போடலாம்.

பேசுவதற்கு வட்ஸ்அப் இருக்கிறதே என்பீர்கள். சவூதி 2017 செப்டெம்பரில் இணைய அழைப்புத் தடையைத் தளர்த்தியது. டுபாய் கதை வேறு. அங்கே நீண்ட காலமாக போடிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளுக்கே இடம். குறுக்கு வழியாக வீபிஎன் போடச் சொல்லும் நண்பர்கள் இருப்பார்கள். குற்றம் செய்யவோ மறைக்கவோ அதைப் பாவித்தால், 2021ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி சிறை அல்லது 500,000 முதல் 2,000,000 திர்ஹம் வரை அபராதம். ஒரு கடையின் முதலே போய்விடும்.

டிஷ் அன்டெனாவைச் சுமந்து போகாதீர்கள். செய்மதியின் கற்றை இலங்கையை நோக்கியது; அங்கே பிடிக்குமென்று நம்ப முடியாது. வசந்தம் போன்ற அலைவரிசைகளின் செய்திகள் யூடியூபில் கிடைக்கின்றன. நமது இரவு 8 மணி கட்டாரில் மாலை 5.30, கடையில் வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். கடை பூட்டிய பிறகு பாருங்கள், பதிவு அங்கேயே கிடக்கும்.